நிழல் தொலையும் ஊரிலிருந்து சமர்கந்து வரை

சிங்கப்பூரின் டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. 1907-ல் கட்டத் தொடங்கியது. அந்தக் காலத்தில் பக்கத்திலேயே குதிரைப் பந்தயத் திடல். குதிரை பராமரித்தவர்களும் கடை வைத்திருந்தவர்களுமாக நம் ஊர்க்காரர்கள் பலர் வந்து தொழுத இடம். அடுத்த முறை தேக்கா பக்கம் போகும்போது அங்கே போய்த் தலைவாசலுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். ஒரு சூரியன் தெரியும். அதிலிருந்து 25 கதிர்கள் விரியும். ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர் அழகான அரபு எழுத்தில் இருக்கும்.

சில வழிகாட்டி நூல்களில் இதைச் 'சூரியக் கடிகாரம்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சூரியக் கடிகாரம் என்றால் நடுவே ஒரு குச்சியோ தகடோ நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் நிழல் நகர்ந்தால்தான் மணி தெரியும். இங்கே குச்சியும் இல்லை, நிழலும் இல்லை. ஆகவே இது மணி காட்டாத சூரியன். இருந்தாலும் நம் பயணத்தை இங்கிருந்தே தொடங்கலாம். இந்த மாதம் நாம் போகப் போகிற ஊர்கள் குவாரிஸ்ம், புகாரா, சமர்கந்து. மூன்றிலும் நாம் பார்க்கப் போகும் இடங்கள் இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கின்றன. பட்டும் காகிதமும் ஏற்றிய ஒட்டகங்கள் போன பாதை என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நாம் ஒட்டகத்தை விட்டுவிட்டு நிழலைப் பிடித்துக்கொண்டு போவோம். அந்த ஊர்க்காரர்கள் சூரியனை அளந்ததுபோல அந்தக் காலத்தில் அளந்தவர்கள் குறைவு.

முதலில் உங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு சோதனை. ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சி ஒன்றைத் திறந்தவெளியில் நேராக நிறுத்துங்கள். நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு நிழலின் நுனியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுண்ணக்கட்டியால் குறித்து வாருங்கள். நிழல் எப்போது மிகக் குட்டையாகிறதோ அதுதான் உண்மையான உச்சிப்பொழுது. சூரியனை மட்டும் நேராகப் பார்க்கவே கூடாது. நமக்கு வேலை நிழலோடுதான்.

குறித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். பன்னிரண்டு மணிக்கு நிழல் குட்டையாகாது. சிங்கப்பூரில் உச்சிப்பொழுது ஏறத்தாழப் பகல் 1.05-க்குத்தான் வருகிறது. மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்பின்னாகும். காரணம் நம் கடிகாரம். 1982 சனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து நாமும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டோம். அன்று முதல் நம் நேரம் கிழக்கே 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். நாமோ 104-ஆவது பாகைக்குக் கொஞ்சம் இப்பால் இருக்கிறோம். பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகும். பதினாறு பாகைக்குச் சற்று மேலே வித்தியாசம் என்றால் 65 நிமிடம். இந்த 65-ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நிழலின் நீளத்துக்கு வருவோம். சூன் 21 உச்சிப்பொழுதில் உங்கள் குச்சியின் நிழல் சுமார் 40 சென்டிமீட்டர் இருக்கும், தெற்கே விழும். திசம்பர் 22-ல் சுமார் 46 சென்டிமீட்டர், வடக்கே விழும். நடுவே மார்ச் 23, 24 வாக்கில் பகல் 1.11-க்கு நிழல் குச்சியின் காலடியிலேயே தொலைந்துபோகும். செப்டம்பர் 19 வாக்கில் மறுபடியும் ஒருமுறை தொலையும். அதே குச்சியைச் சமர்கந்தில் நட்டால் சூனில் 29 சென்டிமீட்டர், திசம்பரில் ஏறக்குறைய 2 மீட்டர். இரண்டும் வடக்கே. உச்சிப்பொழுது நிழல் தெற்கே திரும்பியதை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. தலைக்கு நேர் மேலே சூரியன் வந்து நின்றதையும் பார்த்ததில்லை.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பகலும் இரவும் சமமாக வரும் மார்ச் 20 அல்லது 21-ல் உச்சிவேளை நிழலை அளந்தால் போதும், நீங்கள் பூமியில் எந்த அட்சரேகையில் நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் அன்று நிழல் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டால் 1.35 பாகை வரும். சமர்கந்தில் 83 சென்டிமீட்டர், அதாவது 39.7 பாகை. மற்ற நாள்களிலும் கணக்கிடலாம். அன்றைக்குச் சூரியன் நிலநடுக்கோட்டை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏறத்தாழ கி.பி. 990-ல் குவாரிஸ்மின் தலைநகரான காத் என்ற ஊரில் ஒருவர் இதைச் செய்தார். அவருக்கு அப்போது வயது 17. இங்கே என்றால் தொடக்கக் கல்லூரி மாணவர். பெயர் அல்-பிரூனி. சூரியன் மிக உயரத்தில் நிற்கும் கோணத்தை அளந்து தன் ஊரின் அட்சரேகையைக் கண்டுபிடித்தார். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து, சமஸ்கிருதம் கற்று, நம் வானியலையும் கணக்கையும் பற்றிப் பெரிய நூல் எழுதியவரும் இவரேதான். ஆமு தரியா ஆற்றை ஒட்டிய அந்தப் பழைய காத் இன்று இல்லை. அந்த இடத்தில் உள்ள நகரத்துக்குப் பெருனி என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். குவாரிஸ்மைப் பார்க்கப் போகிறவர்கள் மண்மதில் சூழ்ந்த கீவா நகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெருனிக்கும் ஒரு எட்டுப் போய் வரலாம் என்பது என் கட்சி.

இப்போது நாமும் கொஞ்சம் நடப்போம். டன்லப் ஸ்திரீட்டிலிருந்து ஜாலான் புசாரைத் தாண்டி, ரோச்சோர் கால்வாயைக் கடந்தால் கம்போங் கிளாம். அங்கே தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே வாருங்கள். அரபு ஸ்திரீட், மஸ்கட் ஸ்திரீட், பஸோரா ஸ்திரீட், கந்தஹார் ஸ்திரீட். கடைசியில் பாக்தாத் ஸ்திரீட் வரும். அங்கே நில்லுங்கள்.

ஓர் ஊர் வடக்கே எவ்வளவு தூரம் என்பதை நிழல் சொல்லிவிடும். கிழக்கே எவ்வளவு தூரம் என்று கேட்டால் நிழல் வாய் திறக்காது. கிழக்கிலுள்ள ஊரில் சூரியன் முன்னதாக உச்சிக்கு வரும், மேற்கிலுள்ள ஊரில் பின்னதாக வரும். எத்தனை நிமிடம் என்று தெரிந்தால் தூரம் கிடைத்துவிடும். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முன் தொலைபேசி ஏது? இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே கணத்தில் கடிகாரத்தைப் பார்ப்பது எப்படி?

அல்-பிரூனி சந்திரனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். சந்திர கிரகணம் என்பது பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவது. இங்கேயும் நிழல்தான்! நிழல் விழுவது சந்திரனில் என்பதால், சந்திரன் தெரிகிற எல்லா ஊர்களிலும் ஒரே கணத்தில் கிரகணம் தொடங்கும். சூரிய கிரகணம் அப்படி இல்லை, ஊருக்கு ஊர் நேரம் மாறும். 997-ஆம் ஆண்டு மே 24-ல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அல்-பிரூனி காத்திலும், அபுல் வஃபா என்ற கணித அறிஞர் பாக்தாதிலும், முன்பே பேசி வைத்துக்கொண்டு அதைக் கவனித்தார்கள். அவரவர் ஊரில் அப்போது மணி என்ன என்று குறித்தார்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

இன்றைய வரைபடத்தில் பார்த்தால் காத்துக்கும் பாக்தாதுக்கும் இடையே பதினாறு பாகைக்குச் சற்று மேல். அதாவது 65 நிமிடம். சொல்லிவைத்தாற்போல, நம் கடிகாரத்துக்கும் நம் தலைக்கு மேலுள்ள சூரியனுக்கும் இருக்கும் அதே இடைவெளி. பாக்தாத் ஸ்திரீட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போது, அது காட்டுவது உண்மையில் காத் அளவு தூரம் கிழக்கே இருக்கும் ஓர் ஊரின் நேரத்தை.

அங்கிருந்து பார்த்தாலே சுல்தான் பள்ளிவாசலின் தங்கநிறக் குவிமாடம் தெரியும். டெனிஸ் சான்ட்ரி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. குவிமாடத்தின் அடியில் கறுப்பு வளையம் ஒன்று ஓடுகிறதே, அது முழுக்கக் கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகம்! வசதியில்லாதவர்களும் கட்டடத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று போத்தல்களை வாங்கிச் சேர்த்தார்களாம். இன்னொன்றையும் கவனியுங்கள். நார்த் பிரிட்ஜ் சாலை இந்தப் பள்ளிவாசலை ஒட்டி வரும்போது கொஞ்சம் வளைந்து போகும். பள்ளிவாசல் மெக்காவை நோக்கி நிற்க வேண்டும் என்பதால் தெருக்களின் கட்டத்துக்கு அது அடங்கவில்லை. சாலைதான் வழி விட்டது. உருண்டையான பூமியில் எந்த ஊரிலிருந்து மெக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்பது லேசான கணக்கு இல்லை. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை நான்கும் சரியாக வேண்டும். அல்-பிரூனி அதற்கென்றே தனி நூல் எழுதியிருக்கிறார்.

புகாராவை நாம் வேகமாகக் கடக்கப் போகிறோம், ஒரே ஒரு கட்டடம் மட்டும். சாமானி மன்னர்களின் கல்லறை. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. சிறிய சதுரக் கட்டடம், மேலே ஒரு குவிமாடம், அவ்வளவுதான். வண்ணம் கிடையாது, ஓடு கிடையாது, வெறும் சுட்ட செங்கல். அந்தச் செங்கல்லையே படுக்க வைத்து, நிறுத்தி வைத்து, சாய்த்து வைத்து, கொஞ்சம் வெளியே தள்ளி, கொஞ்சம் உள்ளே இழுத்து, சுவர் முழுக்கக் கோலம் போட்டிருக்கிறார்கள். கோலத்துக்கு மை சூரியன் தருகிற நிழல். காலையில் ஒரு கோலம், மாலையில் வேறு. மேகம் மூடினால் கோலமே மங்கிவிடும். இப்படிப்பட்ட சுவரைக் காலையும் மாலையும் இரண்டு முறை போய்ப் பார்க்க வேண்டும். சுற்றுலாப் பேருந்துகள் அதற்கெல்லாம் நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனிச் சமர்கந்து. அங்கே போனால் எல்லாரும் முதலில் ரெஜிஸ்தான் சதுக்கத்தில் படம் எடுத்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் முதலில் ஊருக்கு வடகிழக்கே உள்ள ஒரு மேட்டுக்குப் போக வேண்டும். அங்கே தரையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பள்ளத்துக்குள் பளிங்கு பதித்த இரண்டு தடங்கள் வளைந்து இறங்குகின்றன. ஒரு காலத்தில் உலகின் மிகத் துல்லியமான அளவுகோல்களில் ஒன்றாக இருந்ததன் அடிப்பகுதி அது.

உலூக் பேக் என்ற மன்னர் கட்டியது. தைமூரின் பேரன். 15 வயதில் சமர்கந்தை ஆள வந்தவர். தாத்தாவுக்குப் போரில் பித்து, பேரனுக்குக் கணக்கில். அவரிடம் வேலை பார்த்த அல்-காஷி என்ற கணித மேதை தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், மன்னர் குதிரைமேல் போய்க்கொண்டே ஒரு குறிப்பிட்ட நாளில் சூரியன் எந்தப் பாகையில் இருந்தது என்று மனக்கணக்காகச் சொல்லிவிட்டதாக வியந்திருக்கிறார். அல்-காஷி சாதாரண ஆள் இல்லை. பை என்ற எண்ணைத் தசமப் புள்ளிக்குப் பின் 16 இலக்கம் வரை சரியாகக் கணக்கிட்டவர். அவரே வியந்தார் என்றால் பாருங்கள்.

உங்கள் குச்சி நிழலை அளக்கும்போது ஒரு தொல்லை வந்திருக்கும். நிழலின் நுனி கூர்மையாக இருக்காது, மங்கலாகக் கரைந்திருக்கும். சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமுள்ள வட்டம் என்பதுதான் காரணம். குச்சியை உயரமாக்கினால் நிழல் நீளும், ஆனால் மங்கலும் கூடவே நீளும். அதனால் குச்சியை விட்டுவிட்டு ஓட்டைக்கு மாறினார்கள். இருட்டறையின் உச்சியில் ஒரு சிறு துளை. அதன் வழியே வரும் வெயில் கீழே சூரியனின் வட்டமான பிம்பமாக விழும். பிம்பத்தின் இரண்டு ஓரங்களையும் அளந்து நடுவைக் கண்டுபிடித்தால் சூரியனின் மையம் கிடைத்துவிடும்.

இந்த உத்தியை முன்பே செய்தவர் குஜந்த் நகரத்து அல்-குஜந்தி. ஏறத்தாழ 994-ல் ஈரானின் ரய் நகரில் 20 மீட்டர் ஆரமுள்ள கருவி கட்டினார். ஆனால் அளவு கொஞ்சம் தப்பியது. ஏன் என்று எழுதி வைத்தவர் நம் அல்-பிரூனி. கோடையில் ஒருமுறை, குளிர்காலத்தில் ஒருமுறை என அளந்த இடைவெளியில், துளை இருந்த பக்கம் கட்டடம் ஒரு சாண் அளவு இறங்கிவிட்டதாம்! கருவி பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, அசையாமலும் இருக்க வேண்டும்.

உலூக் பேக் 1420-களில் கட்டிய கருவியின் ஆரம் ஏறத்தாழ 40 மீட்டர். நீங்கள் பென்சில் பெட்டியில் வைத்திருக்கும் பாகைமானியை 13 மாடி உயரத்துக்கு வளர்த்து, வட்டத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து, பாதியைப் பாறைக்குள் புதைத்தால் அதுதான். புதைந்த பகுதி அசைய வழியில்லை. உங்கள் பாகைமானியில் ஒரு பாகை ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறையவோ கூடவோ இருக்கும். அங்கே ஒரு பாகை 70 சென்டிமீட்டர். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வந்துவிடும். ஒவ்வொரு நாளும் உச்சிப்பொழுதில் சூரியனின் பிம்பம், கிட்டத்தட்ட 37 சென்டிமீட்டர் அகலமாக, அந்தத் தடங்களின்மேல் ஏறி நகரும். சூனில் ஓர் இடம், திசம்பரில் வேறு இடம். அந்த இரண்டின் தூரத்தில் பாதிதான் பூமி சாய்ந்திருக்கும் கோணம். அவர்களுக்குக் கிடைத்த விடை 23 பாகை 30 கலையும் சில விகலைகளும். நட்சத்திரங்களை வைத்து ஆண்டின் நீளத்தையும் கணக்கிட்டார்கள்: 365 நாள் 6 மணி 10 நிமிடம் 8 விநாடி. இன்றைய கருவிகள் சொல்லும் அளவுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு நிமிடம்கூட இல்லை, 58 விநாடி. தொலைநோக்கி அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை.

1449-ல் உலூக் பேக் தன் மகனாலேயே வீழ்த்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆய்வகம் இடிந்து, மண் மூடி, இருந்த இடமே மறந்துபோனது. 1908-ல் வாசிலி வியாட்கின் என்ற ரஷ்யத் தொல்லியலாளர் பழைய நிலப் பத்திரம் ஒன்றில் ஆய்வக மேட்டைப் பற்றிய குறிப்பைப் படித்துவிட்டுத் தோண்டினார். பாறைக்குள் புதைந்திருந்த பாதி மட்டும் அப்படியே கிடந்தது. அது வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் செய்ப்பூருக்குப் போங்கள். உலூக் பேக்கின் அட்டவணைகளைக் கரைத்துக் குடித்த மன்னர் ஜெய்சிங், 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஜந்தர் மந்தரில் சஷ்டாம்ச யந்திரம் என்று ஓர் இருட்டறை இருக்கிறது. அதே துளை, அதே வில். இன்றும் உச்சிப்பொழுதில் சூரியன் உள்ளே வந்து விழுகிறது.

இப்போது ரெஜிஸ்தானுக்குப் போகலாம். இங்கும் உலூக் பேக் 1417 முதல் 1420 வரை கட்டிய கல்விக்கூடம் ஒன்று இருக்கிறது. முகப்பு முழுக்க நட்சத்திரக் கோலங்கள், முழுக்க நீலம். அந்த நீலம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? சுல்தான் பள்ளிவாசலிலிருந்து ஜாலான் சுல்தான் வழியாக விக்டோரியா ஸ்திரீட் முனைக்கு நடங்கள். மலபார் பள்ளிவாசல் நிற்கும். கேரளத்து மலையாளிகள் கட்டியது. 1963-ல் திறந்துவைத்தவர் யூசோப் இஷாக். நம் பணத்தாளில் தினமும் பார்க்கிறோமே, அவர்தான். தங்கநிறக் குவிமாடங்களுக்குக் கீழே சுவர் முழுக்க நீல ஓடுகள், அவற்றில் வடிவியல் கோலங்கள். சிங்கப்பூரில் சமர்கந்தின் சாயல் எங்கே என்று கேட்டால் நான் இந்த முனையைத்தான் காட்டுவேன்.

சமர்கந்தின் நீலத்தில் இரண்டு வகை உண்டு. கருநீலத்துக்குக் காரணம் கோபால்ட் என்ற உலோகம். மயில்கழுத்துப் பச்சை கலந்த அந்த வெளிர்நீலத்துக்குக் காரணம் செம்பு. செம்பா? பழைய செப்புப் பாத்திரம் பச்சை பூத்துத்தானே பார்த்திருக்கிறோம்! சரியான கேள்வி. செம்பு என்ன நிறம் காட்டும் என்பது அது யாரோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தது. ஓட்டின்மேல் பூசும் பூச்சு உண்மையில் மெல்லிய கண்ணாடி. அந்தக் கண்ணாடியை ஈயம் சேர்த்து உருக்கினால் செம்பு பச்சையாகத் தெரியும். சோடியம் நிறைந்த காரம் சேர்த்து உருக்கினால் வெளிர்நீலமாகத் தெரியும். செம்பின் அணுவைச் சுற்றி நிற்கும் மற்ற அணுக்கள் மாறும்போது, அது விழுங்குகிற ஒளியும் மாறுகிறது. வெயிலில் சிவப்புப் பக்கத்து ஒளியை விழுங்கிவிட்டால் நம் கண்ணுக்கு மிச்சம் வருவது நீலப் பக்கம்.

அந்தக் காரத்துக்கு எங்கே போனார்கள்? பாலைவனத்துக்குத்தான். நம் கடற்கரை உவர்நிலத்தில் உமரி வளர்வதுபோல அங்கே உப்பை உறிஞ்சி வளரும் செடிகள் உண்டு. அவற்றைப் பிடுங்கி உலர்த்தி எரித்தால் சாம்பலில் காரம் இருக்கும். அதோடு அரைத்த வெண்கல்லைச் சேர்த்தால் பூச்சு தயார். உஸ்பெகிஸ்தானின் ரிஷ்தான் ஊர்க் குயவர்கள் இன்றும் இதை இஷ்கோர் என்று சொல்லித் தட்டுகளில் பூசுகிறார்கள். இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. ஒவ்வொரு நிறமும் சூளையில் ஒவ்வொரு சூட்டில்தான் நன்றாக விளையும். அதனால் ஒரே ஓட்டில் எல்லா நிறத்தையும் தீட்டாமல், நிறத்துக்கு ஒரு தகடாகத் தனித்தனியே சுட்டு, பிறகு இதழ் இதழாக வெட்டி இணைத்தார்கள். முகப்பில் தெரியும் ஒரு பூவில் பத்துப் பதினைந்து துண்டுகள் இருக்கலாம். கிட்டே போனால் இணைப்புக் கோடு தெரியும்.

பகல் வேலை முடிந்தது, இரவுக்கு ஒன்று பாக்கி. உலூக் பேக்கின் ஆய்வகம் 1437-ல் முடித்த பட்டியலில் 1,018 நட்சத்திரங்கள் உண்டு. பெரும்பாலானவற்றை அவர்களே அளந்தார்கள். 27-ஐ மட்டும் அளக்கவில்லை, அல்-சூஃபி என்பவரின் பழைய நூலிலிருந்து எடுத்து எழுதினார்கள். சோம்பல் இல்லை. அவை தெற்கே வெகு தள்ளி இருப்பவை, சமர்கந்தின் அடிவானத்துக்கு மேலே எழும்புவதே கிடையாது. வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான அகத்திய நட்சத்திரம்கூட அந்த ஊருக்கு வராது. நமக்கு வரும். நிழல் தொலையும் அதே மார்ச் மாதத்தில், இரவு எட்டு மணிவாக்கில் தெற்கே திரும்பி நில்லுங்கள். கையை நேரே நீட்டி, அடிவானத்திலிருந்து முட்டிமேல் முட்டியாக மூன்றரை முட்டி எண்ணுங்கள். நகரத்து விளக்குகளையும் மீறி வெள்ளையாக நிற்பது அதுதான். எதிர் புளோக் மறைத்தால் மேல்மாடித் தாழ்வாரத்துக்குப் போய்ப் பாருங்கள்.